பைக்குக்கு வேறு சைலன்சரா? பணம் கொடுக்கும் முன் படிக்க 20 குறிப்புகள்

சென்னை ஜி.பி. ரோடானாலும் சரி, உங்கள் ஊர் பைக் ஆக்சசரீஸ் கடையானாலும் சரி, வாசலில் வரிசையாகத் தொங்கும் சைலன்சர்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். "இதைப் போட்டுப் பாருங்க தம்பி, பிக்கப் அள்ளும்" என்பார் கடைக்காரர். பல நேரம் அள்ளுவது சத்தம் மட்டும்தான். எஞ்சின், புகை, சட்டம், பின்னால் உட்காருபவரின் கால் என எல்லாவற்றோடும் சம்பந்தப்பட்ட பொருள் சைலன்சர். அதை வாங்கும் முன்பும் மாட்டும்போதும் மாட்டிய பிறகும் கவனிக்க வேண்டியவை இவை.

வாங்கும் முன்

1. பழையதைத் தட்டிப் பாருங்கள். 'கடகட' என்று சத்தம் வந்தாலே சைலன்சர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வெப்பம் படாமல் தடுக்கும் மேல் தகட்டின் போல்ட் தளர்ந்திருக்கலாம். மவுண்டிங்கில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சில்லறைச் செலவில் முடிகிற வேலை. வண்டி நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைக் கையால் தட்டுங்கள். உள்ளே ஏதோ உருள்கிற சத்தம் கேட்டால் மட்டுமே தடுப்புத் தகடு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அடிப்பக்கம் சின்ன ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங்கில் அடைத்துவிடலாம்.

2. எதற்காக மாற்றுகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். துரு தின்றுவிட்டதா, கீழே விழுந்து நசுங்கிவிட்டதா, எடை குறைய வேண்டுமா, சத்தம் வேண்டுமா? முதல் இரண்டு காரணங்களுக்கும் விடை ஒன்றுதான்: அதே மாடலுக்கான கம்பெனி உதிரி. எடைக்காகவும் சத்தத்துக்காகவும் என்றால்தான் மற்ற குறிப்புகளுக்கு வேலை.

3. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதி செய்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சத்தத்துக்கும் புகைக்கும் தனியாக 190(2) இருக்கிறது: 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு 3 மாதத்துக்கு லைசென்ஸ் செல்லாது. போலீசார் சைலன்சரைக் கழற்றிப் பறிமுதல் செய்து, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கடையில் விற்கிறார்கள் என்பதால் ரோட்டில் ஓட்டலாம் என்று ஆகிவிடாது. 'எல்லாரும்தான் போட்டிருக்காங்க' என்ற பதில் செக்கிங்கில் செல்லாது.

4. டெசிபல் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் புதிய இரு சக்கர வாகனத்துக்குத் தயாரிப்பு நிலையில் விதித்துள்ள ஒலி வரம்பு: 80 சிசி வரை 75 டெசிபல், 80-க்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேல் 80. 'பத்துப் பதினைந்து டெசிபல்தானே கூடுது' என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். செல்போன் ஆப் துல்லியமாக அளக்காது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரே தூரத்தில், ஒரே ஆர்பிஎம்மில் பழையதையும் புதியதையும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

5. சத்தம் வேறு, பவர் வேறு. குறைகுடம் கூத்தாடும் என்பது சைலன்சருக்கும் பொருந்தும். 100 முதல் 160 சிசி வரையான வண்டியில் சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் பவர், ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவில் பெரும்பாலும் இருக்காது. சத்தம் கூடுவதால் வேகமும் கூடியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அதுமட்டுமல்ல, எஞ்சினிலிருந்து வரும் புகை ஒரே சீராக ஓடுவதில்லை; அலை அலையாக வருகிறது. குழாயின் நீளமும் அகலமும் அந்த அலைக்கு ஏற்பக் கணக்கிட்டு வைத்தவை. உள்ளே ஒன்றுமே இல்லாத திறந்த பைப்பைப் போட்டால், டிராஃபிக்கில் நமக்கு அதிகம் தேவைப்படும் கீழ் ஆர்பிஎம் இழுவைதான் முதலில் குறையும். பவர் கூடும் என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் மாடலில் எடுத்த டைனோ அளவீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

6. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 வண்டிகள் புகையைச் சுத்தப்படுத்த இதை நம்பியிருக்கின்றன. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பகுதி இது. சில வண்டிகளில் பெண்ட் பைப்பிலோ எஞ்சினுக்கு அடியிலோ இருக்கும். சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். பின்பக்கக் குழலை மட்டும் மாற்றுவது 'ஸ்லிப்-ஆன்'; எஞ்சின் ஹெட்டிலிருந்தே மாற்றுவது 'ஃபுல் சிஸ்டம்'. ஃபுல் சிஸ்டம் போட்டால் கன்வெர்ட்டர் போனதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சருக்குள் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் ஸ்லிப்-ஆன் போட்டாலும் அதே கதைதான். அடுத்த புகைப் பரிசோதனையில் வண்டி மாட்டிக்கொள்ளும்.

7. சென்சாரை மறக்காதீர்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் திருகப்பட்டிருக்கும். புதிய பைப்பில் அதற்கான துளை அதே இடத்தில், அதே திரெட் அளவில் இருக்க வேண்டும். துளையே இல்லாத பைப்பை மாட்டி சென்சாரைத் தொங்கவிட்டால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும், மைலேஜ் அடிபடும். சீரான வேகத்தில் போகும்போது இசியு பெட்ரோல் அளவை ஓரளவு சரிக்கட்டும். ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது அதனால் அந்த அளவுக்கு முடியாது. கார்ப்பரேட்டர் வண்டி என்றால் ஜெட் மாற்ற வேண்டிவரலாம். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையில் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் சூடு ஏறும்.

8. புல்லட் வைத்திருப்பவர்களுக்கு. இந்தோரி, பஞ்சாப், கோல்டுஸ்டார், மெகாபோன் என்று கடையில் பெயர்கள் நீளும். 'டப் டப்' என்ற அந்த ஓசை எஞ்சினில் பிறப்பது. பழைய 350 புல்லட்டில் பிஸ்டனின் குறுக்களவு 70 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்து, வண்டி நிற்கும்போதுகூட ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாகக் கேட்க வைக்கின்றன. உள்கூடு இல்லாத சைலன்சர் அந்தத் தாளத்தைப் பெரிதாக்கும்போதே அலறலாகவும் மாற்றிவிடுகிறது. புது எஞ்சின் வண்டியில் எந்தக் குழாயைப் போட்டாலும் பழைய வண்டியின் தாளம் வராது.

9. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னும் கவனம் தேவை. 1985-இல் வந்து 1996 வரை தயாரான இந்த வண்டிக்கு இன்றும் மவுசு குறையவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவமே எஞ்சினின் ஒரு பகுதிபோல வேலை செய்கிறது. உப்பிச் சுருங்கும் அந்தக் குழாயில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கோணமோ நீளமோ மாறினால் பவர் வரும் இடமே மாறிவிடும். ஆகவே கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் டூப்ளிகேட்டில் பழைய இழுவை கிடைக்காமல் போகலாம். வண்டி மந்தமாக இருந்தால் சைலன்சரை மாற்றும் முன் உள்கூட்டைக் கழற்றிக் கரி எடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே போதும்.

கடையில் நிற்கும்போது

10. காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'எஸ்எஸ் சார்' என்று சொல்லி குரோம் பூசிய சாதா இரும்பை விற்பது உண்டு. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம். எங்கு வைத்தாலும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டால் அது 304 இல்லை. 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். அது தாங்கும், ஆனால் மேலே பழுப்பு ஏறும். டைட்டானியம், எஃகின் எடையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விலையும் அதற்கேற்ப ஏறும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் குரோம் பூசிய இரும்பைத் தவிர்ப்பது நல்லது.

11. வெல்டிங்கையும் உள்பக்கத்தையும் பாருங்கள். செல்போன் டார்ச்சை நுழைவு வாய்க்குள் அடித்துப் பாருங்கள். நல்ல வெல்டிங்கில் செதில் அடுக்கியதுபோல ஒரே சீரான கோடு ஓடும். உருண்டை உருண்டையாகத் திரண்டு, இடையிடையே ஊசித் துளை தெரிந்தால் அந்த இடம் முதலில் விரியும். வெல்டிங் உலோகம் குழாய்க்குள் துருத்திக்கொண்டிருந்தால் புகை ஓட்டம் தடைபடும். பிறகு சைலன்சரை இரு கைகளிலும் பிடித்து உலுக்குங்கள். உள்ளே எதுவும் ஆடக் கூடாது.

12. டிபி கில்லர் இல்லாததை வாங்காதீர்கள். சைலன்சரின் வால் முனையில் ஒரே ஒரு போல்ட்டிலோ கிளிப்பிலோ நிற்கும் சிறிய குழல் இது. சத்தத்தைக் குறைப்பதே இதன் வேலை. மாட்டும்போதே 'இதை எடுத்துடலாமா?' என்று கடையில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே சமயம், அது இருப்பதாலேயே சைலன்சர் சட்டப்படி சரியானது என்று ஆகிவிடாது.

13. பிராண்டு பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச், ஜப்பானின் யோஷிமுரா, இத்தாலியின் ஆரோ, எஸ்சி-ப்ராஜெக்ட் ஆகியவற்றின் அசல் சைலன்சர்கள் பல பத்தாயிரம் ரூபாய் விலை உள்ளவை. அதே பெயர் சில ஆயிரங்களுக்குக் கிடைத்தால் நீங்கள் வாங்குவது ஸ்டிக்கரைத்தான். அசலில் சீரியல் எண், மாடல் எண், உங்கள் வண்டிக்கே உரிய பிராக்கெட், கையேடு எல்லாம் இருக்கும். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று ஓர் அசல் தயாரிப்பாளர் பொதுவாகச் சொல்ல மாட்டார். ஐரோப்பிய அனுமதியைக் காட்டும் வட்டத்துக்குள் 'இ' எழுத்து முத்திரை தரத்துக்கு ஓர் அடையாளம். நம் ஊர் ரோட்டுக்கு அது மட்டுமே அனுமதி ஆகாது. போலியிலும் அந்த முத்திரையைக் குத்திவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

14. மாடலோடு ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டிக்கு பிஎஸ்-4, பிஎஸ்-6 பைப்புகள் வேறு வேறாக இருக்கும். பெண்ட் பைப்பின் வெளிக்குறுக்களவை வெர்னியரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 'அட்ஜஸ்ட் பண்ணி மாட்டிடலாம் சார்' என்றால் பைப்பை அறுக்கப்போகிறார்கள், இல்லை தகடு சுற்றப்போகிறார்கள். ஒருமுறை அறுத்துவிட்டால் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டவே முடியாது.

15. இடைவெளியைப் பாருங்கள். கடையிலேயே சும்மா பொருத்திப் பார்த்துவிட்டு, பின்னால் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் பாதம் வைக்கும் இடத்துக்கும் சைலன்சருக்கும் எவ்வளவு இடம்? புடவை முந்தானை, குழந்தையின் கால், தொங்கும் பை ஆகியவை படுமா? வெப்பத் தகடு இருக்கிறதா? பின்சக்கரம் மேலே ஏறும்போது ஸ்விங் ஆர்மில் இடிக்குமா? அடியில் தாழ்ந்து ஓடும் பைப் என்றால் உங்கள் தெரு வேகத்தடையை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு நாள் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு இந்த ஒரு குறிப்பே முடிவைச் சொல்லிவிடும்.

16. செகண்ட் ஹேண்ட் வாங்கினால். புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கம்பெனி சைலன்சரே நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. அடிப்பக்க மடிப்புகளையும் மவுண்டிங் பிராக்கெட்டின் அடியையும் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். துரு உள்ளிருந்து வரும், பெயின்ட் அதை மறைக்கும். திருட்டுப் பொருளாக இருக்கக் கூடாது என்பதற்காகவாவது பில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போதும் பிறகும்

17. மாட்டும் முறை. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஹெட்டில் உள்ள நட்டுகள் துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் உடையும், அதை எடுப்பது பெரிய வேலை. பழைய கேஸ்கெட்டை மறுபடி போடக் கூடாது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, பைப் இயல்பாக உட்காரும் நிலையைப் பார்த்து, பிறகு ஹெட் நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கி, கடைசியில் கிளாம்பையும் மவுண்டிங்கையும் முறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்து மாட்டிய பைப் அதிர்விலேயே விரியும். ஸ்டார்ட் செய்யும் முன் மேலே பட்ட கைரேகையைத் துணியால் துடையுங்கள். சூட்டில் அது கறையாக ஒட்டிக்கொள்ளும்.

18. கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன், கெட்டித் துணியை மடித்து வால் முனையைச் சில விநாடி பாதி மூடுங்கள். இணைப்புகளில் 'புஸ்' என்று காற்று கேட்டால் அங்கே கசிகிறது. சில நாள் ஓட்டிய பிறகு இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தாலும் அதே பொருள்தான். ஆக்சிலேட்டரை விடும்போது பட்டாசு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம் வந்தால் பெருமைப்படாதீர்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்தோ கலவை சரியில்லாமலோ, எரியாத பெட்ரோல் பைப்பில் போய் எரிகிறது. முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

19. பழையதை எடைக்குப் போடாதீர்கள். உள்ளே லேசாக எண்ணெய் தெளித்து, இரு வாய்களையும் துணியால் அடைத்து, சாக்கில் சுற்றி வையுங்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்கும்போதும், வண்டியை விற்கும்போதும் அது தேவைப்படும். மாற்று சைலன்சர் போட்டால் வாரண்டியும் சிக்கலாகலாம். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து இன்ஷூரன்ஸ் கிளைமில் கேள்வி வரும். பாலிசியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

20. காதையும் தெருவையும் நினையுங்கள். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதன்படி 94 டெசிபலுக்கு ஒரே மணி நேரம்தான். அந்தச் சத்தத்தோடு அதிக நேரம் இருப்பது ஓட்டுகிற நீங்கள்தான். நம் நாட்டில் குடியிருப்புப் பகுதிக்கான ஒலி வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். வேகமும் சத்தமும் வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக்குகள் இருக்கின்றன. ஃபுல் சிஸ்டத்துக்கு உரிய இடம் அதுதான். வண்டியை அங்கே ஏற்றிக்கொண்டு போய், அங்கேயே ஓட்டிவிட்டு வாருங்கள்.

பராமரிப்புக்குச் சில வரிகள்: சூடான சைலன்சரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓடும் வண்டியில் நீராவி உள்ளேயே தங்கித் துருவாகும். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள். அடியில் உள்ள சிறு துளை தண்ணீர் வடியவே வைத்தது, அதை அடைக்காதீர்கள். காலையில் சற்று நேரம் வரும் வெண்புகை நீராவி. நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கறும்புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டும். மழை வெள்ளத்தில் வால் முனை மூழ்கி வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

மொத்தத்தில், தினமும் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதே மாடலுக்கான கம்பெனி சைலன்சரைவிடச் சிறந்த மாற்று இல்லை. மிச்சமாகும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்றும், தேய்ந்துபோன டயருக்குப் பதில் புது டயர் ஒன்றும் வாங்குங்கள்.